டயாலிசிஸ் மெஷின்ல பிரஷர் அலாரம் ஓயாம அடிக்குதா? ரீசெட் அமுக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

அலாரம் அடிச்சதும் கை நேரா ரீசெட் பட்டனுக்குப் போகும், எனக்கும் அந்தப் பழக்கம் இருந்துச்சு. ஆனா நிறைய மெஷின்ல ரீசெட் பண்ணா அந்த நேரத்துல இருக்குற பிரஷரை நடுவுல வச்சு லிமிட் புதுசா செட் ஆயிடும், 140 mmHg-ல இருந்த வீனஸ் பிரஷர் (ரத்தம் உடம்புக்குத் திரும்புற பக்கத்து அழுத்தம்) 190க்கு ஏறியிருந்தா இனிமே மெஷினுக்கு 190 தான் நார்மல். நாலு தடவை அமுக்குனா பிரச்சனை பாட்டுக்கு வளரும், மெஷின் வாயை மூடிக்கும். அதுக்காக யோசிச்சுக்கிட்டே நிக்கவும் முடியாது, பம்ப் நின்னா ரத்தம் உறைய ஆரம்பிச்சிடும். அதனால ரெண்டே கேள்வி: எந்த பிரஷர், ஏறுதா இறங்குதா.

ஆர்ட்டீரியல்னா பம்புக்கு முன்னாடி, உறிஞ்சுற பக்கம், அதான் மைனஸ்ல காட்டும். மைனஸ் 100ல இருந்து 200 வரைக்கும் சாதாரணம், 250ஐத் தாண்ட விடாதீங்க, ரத்த அணு உடைய வாய்ப்பிருக்கு. பம்ப் ஸ்பீடை நிமிஷத்துக்கு ஒரு 50 மில்லி குறைச்சுப் பாருங்க. உடனே சரியாச்சுன்னா அந்த நீடிலால அவ்ளோ ரத்தம் இழுக்க முடியலன்னு அர்த்தம், 17 கேஜ் மாதிரி மெல்லிசு நீடிலைப் போட்டுட்டு 350 கேட்டா அது எங்க போகும்? குறைச்சும் அடிச்சா நீடில் முனை ரத்தக்குழாய் சுவத்துல ஒட்டியிருக்கலாம், லைன் மடங்கியிருக்கலாம், இல்ல பேஷண்ட்டுக்கு பிபி இறங்கியிருக்கலாம், பிபியை மட்டும் கண்டிப்பா பாத்துடுங்க.

வீனஸ் ஏறுதுன்னா மெஷினைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க. நீடில் பக்கத்துல வீக்கம், வலி இருந்தா ரத்தம் வெளிய கசியுது, பம்பை உடனே நிறுத்துங்க. அது இல்லன்னா மடங்குன லைன், திறக்க மறந்த கிளாம்ப் (சிரிக்காதீங்க, அடிக்கடி நடக்கும்), அப்புறம் வீனஸ் சேம்பர்ல (திரும்புற லைன்ல காத்தைப் பிடிக்கிற குடுவை) க்ளாட், அதாவது ரத்தக்கட்டி. டயலைசருக்கு (ரத்தத்தை சுத்தம் பண்ற குழல்) முன்னாடி பிரஷர் காட்டுற மெஷினா இருந்தா வேலை ஈஸி: ரெண்டும் சேந்து ஏறுனா அடைப்பு சேம்பர்லயோ அதுக்கு அப்புறமோ, முன்னாடி உள்ளது மட்டும் ஏறுனா டயலைசர் அடைச்சுக்கிட்டு வருது, ஹெப்பரின் (ரத்தம் உறையாம இருக்க குடுக்குற மருந்து) ஒழுங்கா போகுதான்னு பாருங்க.

வீனஸ் இறங்குனா தான் எனக்கு பயம். போர்வையை விலக்கி நீடில் உள்ள இருக்கான்னு கண்ணால பாருங்க. நீடில் கழண்டு ரத்தம் மெத்தையில ஓடுனா கூட, நீடிலோட சொந்தத் தடையாலேயே பிரஷர் லிமிட்டுக்குள்ள நின்னு சில சமயம் அலாரமே அடிக்காது. அதனால கையை மூடி வைக்கவே கூடாது.

இவ்ளோவும் சரியா இருந்தும் ரீடிங் ஆடாம அசையாம நின்னா, இல்ல தாறுமாறா குதிச்சா, டிரான்ஸ்டியூசர் ப்ரொடெக்டரைப் (பிரஷர் லைனுக்கும் மெஷினுக்கும் நடுவுல இருக்குற குட்டி ஃபில்டர்) பாருங்க. அது நனைஞ்சா காத்து போகாது, காட்டுற நம்பர் பொய். காய வச்சு திரும்ப மாட்டுற வேலையே வேணாம், கிளாம்ப் போட்டு புதுசு மாத்துங்க. ரத்தம் ஃபில்டரைத் தாண்டி மெஷின் பக்கம் போயிருக்கற மாதிரி தெரிஞ்சா அடுத்த பேஷண்ட்டுக்கு அந்த மெஷின் கிடையாது, டெக்னீஷியன் உள்ள திறந்து பாத்து கிருமி நீக்கம் பண்ணதுக்கு அப்புறம் தான்.

பேஷண்ட் யாரும் கனெக்ட் ஆகாதப்போ பிரஷர் போர்ட்டை காத்துக்குத் திறந்து விட்டா ஜீரோ காட்டணும். காட்டலன்னா மட்டும் தான் மெஷின் மேல பழி போடலாம், காலிபரேஷன் பண்ணச் சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்துலயே ஸ்பீட் 200ல வச்சு அதே கேஜ் நீடில்ல வீனஸ் பிரஷரைக் குறிச்சு வைங்க. அடுத்தடுத்து மூணு தடவை ஏறிக்கிட்டே வந்தா ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக கையில இணைச்சு வச்ச ரத்தக்குழாய்) சுருங்குதோன்னு சந்தேகப்படணும், அந்தக் குறிப்போட டாக்டர்கிட்ட போனீங்கன்னா டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பாக்குற ஸ்கேன்) எடுக்கச் சொல்லுவாங்க.