பிள்ளையின் பையைத் தினமும் கொட்டிப் பாருங்கள்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

ஒன்ராறியோவில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது பெரிய வேலையே இல்லை. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, குடிவரவுப் பத்திரம், வீட்டு முகவரிக்கு ஓர் அத்தாட்சி, அவ்வளவுதான். வீடு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதோ பெரும்பாலும் அங்கேதான் இடம். ஊரில் போலத் தெரிந்தவரைப் பிடித்துப் பெரிய கல்லூரிக்குள் நுழைக்க அலையத் தேவையில்லை. கத்தோலிக்க ஆரம்பப் பள்ளி என்றால் பெரும்பாலும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். ஆங்கிலம் தடக்கினால் பயப்படாதீர்கள், பல பள்ளிகளுக்குக் குடியேற்ற உதவியாளர் ஒருவர் வந்து போவார், ஸ்காபரோப் பக்கம் அவர் தமிழராகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. இவ்வளவையும் வந்து இறங்கிய முதல் கிழமையிலேயே மாமா, சித்தி, பக்கத்து வீட்டு அண்ணை எல்லாரும் சொல்லித் தந்தார்கள். ஸ்கூல் கவுன்சில் என்று, பெற்றோர் கூடியிருந்து பள்ளிக்கு ஆலோசனை சொல்லும் குழு ஒன்று இருப்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

வந்த முதல் வருடம், ஜனவரியில் ஒரு கடிதம். வருகிற செப்டெம்பரிலிருந்து மணி அடிப்பது 8.45க்கு அல்ல, 8.10க்கு. பஸ் ஓட்டத்தை ஒழுங்கு செய்கிறார்களாம். நான் அந்த நேரத்துக்கு முதலே வேலைக்கு வெளிக்கிட்டுவிடுவேன். மனுசி பக்டரியில் இரவு வேலை முடித்து வீட்டுப் படியேற 8.20 ஆகும், வந்த கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு ஓடுவாள். இனி அந்த 35 நிமிடத்துக்காகப் பிள்ளையைக் காலைப் பராமரிப்பில் விட வேண்டும், அதற்கு மாதா மாதம் காசு. கடிதத்தையும் எடுத்துக்கொண்டு ஒபிசுக்குச் சண்டைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் ஒரு சத்தமும் போடாமல் ஒரு கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். நவம்பர் மாதக் கூட்டக் குறிப்பு. நேர மாற்றத்தைப் பற்றி ஸ்கூல் போர்ட், அதாவது இந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் சபை, கவுன்சிலிடம் கருத்துக் கேட்டிருக்கிறது, கவுன்சில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. வந்திருந்த பெற்றோர் 6 பேர். மகளின் வகுப்பில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள், அந்த 6 பெயரில் ஒன்றுகூடத் தமிழ்ப் பெயர் இல்லை.

“எங்களுக்கு யார் அறிவித்தது?” என்று கேட்டேன். “செப்டெம்பரில் பிள்ளையிடம் கொடுத்துவிட்டோமே” என்றார்.

வீட்டுக்கு வந்து மகளின் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். அடியில், காய்ந்து கறுத்த வாழைப்பழத் தோலோடு ஒட்டியபடி, நாலாய் மடித்த மஞ்சள் தாள். கவுன்சில் தேர்தல் இந்தத் திகதி, இந்த நேரம், நூலக அறையில், விருப்பமானவர்கள் கீழே பெயர் எழுதி அனுப்பவும்.

இதில்தான் நான் விழுந்தேன், நீங்கள் விழாதீர்கள். ஒன்ராறியோ அரசின் 612/00 என்ற ஒழுங்குவிதி, பள்ளி ஆண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள் இந்தத் தேர்தலை முடிக்கச் சொல்கிறது. தேர்தலுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக ஒவ்வொரு பெற்றோருக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும், அதுவும் சரி. ஆனால் தாளைப் பிள்ளையின் கையில் கொடுத்து, பெற்றோர் பார்க்கக்கூடிய இடத்தில் ஒன்றை ஒட்டிவிட்டாலே அறிவித்ததாகக் கணக்கு! இதை எழுதியவர் வீட்டில் முதலாம் வகுப்புப் பிள்ளை இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இப்போது பல பள்ளிகள் மின்னஞ்சலும் அனுப்புகின்றன, ஆனால் சேர்க்கும்போது நீங்கள் கொடுத்தது மச்சானின் மின்னஞ்சல் என்றால் அது மச்சானுக்குத்தான் போகும்.

நம் ஊர்ப் பழக்கமும் கண்ணை மறைத்துவிடும். ஊரில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்றால் அதிபர்தான் தலைவர். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு போவார், அதிபர் பேசுவார், எல்லாரும் தலையாட்டுவார்கள், மதிலுக்குச் சீமெந்துக் காசு சேரும், சிரமதானத்துக்கு நாள் குறிப்பார்கள். அந்தப் பிளேன்டீயும் பணிசும் இப்போதும் வாயில் நிற்கிறது. இங்கே பிரின்சிபலுக்கு வாக்கே கிடையாது. தலைவர் ஒரு பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினரில் பெரும்பான்மையும் பெற்றோர்தான். கவுன்சில் ஆலோசனைதான் சொல்லும், முடிவு பிரின்சிபலுடையதோ போர்டுடையதோதான். ஆனால் அது எழுதிக் கொடுத்தால் அவர்கள் பரிசீலித்து, என்ன செய்தோம் என்று பதில் சொல்லியாக வேண்டும். நடத்தை விதி, உடை விதி, பள்ளியின் மேம்பாட்டுத் திட்டம் இவற்றில் கவுன்சிலிடம் கேட்காமல் விட முடியாது. கவுன்சில் மறுத்திருந்தாலும் போர்ட் நேரத்தை மாற்றித்தான் இருக்கும் என்கிறாள் மனுசி. இருக்கலாம். இரவு வேலை செய்யும் பெற்றோரைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லையே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் விட்ட இரண்டாவது பிழை இதைவிட மடத்தனம். தேர்தல்தான் முடிந்துவிட்டதே, நாம் உறுப்பினர் இல்லையே என்று அந்த வருடம் முழுக்க வீட்டில் இருந்துவிட்டேன். கூட்டங்கள் எல்லாருக்கும் திறந்தவை. வருடத்துக்குக் குறைந்தது 4 நடக்க வேண்டும், யாரும் போய் உட்காரலாம். வாக்குப் போட முடியாது, ஆனால் தலைவர் சம்மதித்தால் உங்கள் கஷ்டத்தைக் கதைக்கலாம். கூட்டக் குறிப்பும் கணக்கும் 4 வருடம் பள்ளியில் இருக்க வேண்டும், காசு கொடுக்காமல் கேட்டுப் பார்க்கலாம்.

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உட்காரத் தருவது பிள்ளைகளின் கதிரை, முழங்கால் நாடியில் முட்டும். முக்கால் மணி நேரம் பீற்சா மதிய உணவுக்கு எத்தனை பெட்டி என்று கதைப்பார்கள். பொறுத்திருங்கள். எல்லாரும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு எழும்பும்போதுதான் போர்டிலிருந்து வந்த விஷயத்தை வாசிப்பார்கள்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் விழா என்றால் வேட்டி, பட்டு, தட்டுத் தட்டாக வடை, ஜிம்மில் நிற்க இடமில்லை, பார்க்கவே பெருமையாக இருக்கும். பெப்ரவரி கவுன்சில் கூட்டத்துக்கு நானும் இன்னொரு அக்காவும். அதே இரவு வட்ஸ்அப் குழுவில் பள்ளியைப் பற்றி நூறு முறைப்பாடு.

கவுன்சில் உறுப்பினராக இருந்த அந்த அக்காவுக்கும் ஒரு சிக்கல் வந்தது. அதே பள்ளியில் மதிய உணவு நேரப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை கிடைத்தது, அங்கே வேலை செய்பவர் பெற்றோர் உறுப்பினராக இருக்க முடியாது என்பதால் விலக வேண்டியதாகிவிட்டது. போர்டின் வேறு இடத்தில் வேலை என்றால் நிற்கலாம், ஆனால் அதைச் சொல்லிவிட்டு நிற்க வேண்டும், தலைவராக முடியாது.

நான் அந்த முதல் வருடத்துக்கு அடுத்த செப்டெம்பரில் தேர்தலில் நின்றேன். ஒரு நிமிடப் பேச்சு எழுதி, மகளிடம் உச்சரிப்புத் திருத்திக்கொண்டு போனேன். 8 இடம், 7 பேர். தேர்தலே நடக்கவில்லை. ஒக்டோபருக்குப் பிறகு வந்து இறங்கியவர்களும் காலியிடம் இருக்கிறதா என்று ஒபிசில் கேளுங்கள், இடையில் நிரப்ப வழி இருக்கிறது. எங்கள் பள்ளியில் அந்த எட்டாவது கதிரை இன்னும் காலிதான்.