காயப்பட்ட காலோடு திரும்ப ஓட: ஸ்கூட்டருக்குப் பக்கச் சில்லு பூட்டுவது எப்படி

பக்கச் சில்லு என்பது ஸ்கூட்டரின் பின் சில்லுக்கு இரு பக்கமும் பூட்டும் கூடுதல் சில்லுகள். அதற்காக முதல் வேலையாக வெல்டிங் கடைக்குப் போகாதீர்கள். எலும்பு பொருந்திவிட்டதா என்று டொக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்லட்டும். நரம்பு வலிக்குப் பிரிகபலின், கபாபென்டின் போன்ற மருந்து எடுப்பவர் என்றால் அதையும் கேளுங்கள். இரண்டுமே தூக்கமும் தலைச்சுற்றும் தரக்கூடியவை. இங்கே இலங்கையில் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழ், வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி, காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல், எல்லாம் அலுப்பான வேலைதான். வெட்டி ஒட்டிய பிறகு போய்க் கேட்டால் அலுப்பு இன்னும் கூடும்.

எனக்குக் காயம் இடது காலில். முழங்கால் பாதிதான் மடங்கும், கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கியர் அந்தக் காலில்தான் என்பதால் பழைய பைக்கை விற்றுவிட்டு, கியர் இல்லாத 110 சிசி ஸ்கூட்டர் எடுத்தேன். கம்பியும் லீவரும் வைத்துக் கியரைக் கைக்குக் கொண்டுவரலாம், ஆனால் திடீரென்று மாடு குறுக்கே வரும்போது கிளச், கியர், பிரேக் எல்லாவற்றையும் கைகளே பார்க்க வேண்டிவரும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஸ்கூட்டரில் பின் பிரேக்கும் கையிலேயே இருப்பதால் வலது கால் காயப்பட்டவருக்கும் பொருந்தும். காயம் கையில் என்றால் கணக்கே வேறு.

வெளிநாட்டில் ஹார்லி டேவிட்சன் 2009இல் ட்ரை கிளைட் என்று பின்னால் இரண்டு சில்லோடு ஒன்றைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்கத் தொடங்கியது. பின்னுக்கு எடுக்க மோட்டார்கூட உண்டு. படத்தில் பார்க்க அழகுதான். திருகோணமலையில் உவர்மலை ஏறி இறங்கவும், கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் போய்வரவும் எனக்கு ஸ்கூட்டர் போதும்.

அளவெடுக்கும்போது வண்டியில் நீங்கள் இருக்க வேண்டும். வெல்டிங் தம்பி வண்டியை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். "இல்லைத் தம்பி, முதல்ல நான் ஏறி இருக்கிறன், பிறகு நீர் அளவெடும்" என்றேன். காரணம், பக்கச் சில்லு நிற்கும் இடம் உங்கள் குதிக்காலுக்கு நேர் பின்னால். இரண்டு சில்லில் ஓடிப் பழகியவரின் கால் வண்டி நின்றதும் தானாகவே நிலத்தில் ஊன்றும். பக்கச் சில்லு பூட்டிய வண்டி அந்த நேரம் கொஞ்சம் உருண்டாலும் சில்லு உங்கள் காலிலேயே ஏறும். உணர்ச்சியில்லாத கால் பலகையிலிருந்து வழுகி விழுந்தால் இன்னும் மோசம், விழுந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் கால் பலகையைப் பின்பக்கமாக நீட்டி, வெளி ஓரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தகட்டு விளிம்பு வையுங்கள். மேலே தடித்த ரப்பர் விரியுங்கள். பாதத்தைப் பிடிக்க வெல்க்ரோ பட்டி போதும்; இழுத்தால் கழன்றுவிடும். கொக்கி போட்ட பெல்ட் வேண்டாம், வண்டி கவிழ்ந்தால் காலும் அதோடு போகும். சைலன்சர் பக்கத்துக் கால் உணர்ச்சியற்றது என்றால் சூட்டுத் தகடு கட்டாயம். சுட்டது தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும்.

சில்லுகளைச் சட்டத்தோடு அசையாமல் ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். வண்டியைத் தள்ளுவதும் பின்பக்கம் பிரேக் பிடிப்பதும் நடுச்சில்லுதான், அதாவது ஸ்கூட்டரின் சொந்தப் பின் சில்லு. பக்கச் சில்லுகள் மேட்டிலும் நடுச்சில்லு பள்ளத்திலும் மாட்டினால் அது அந்தரத்தில் சுற்றும், பிரேக்கும் பிடிக்காது. ஒவ்வொரு பக்கமும் சில்லைத் தாங்கி மேலும் கீழும் அசையும் தனித்தனிக் கை, குலுக்கலைத் தாங்கும் தனித்தனி ஷொக் வேண்டும். ஷொக் மிக மென்மையாக இருந்தால் வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும். அகலம் கூடினால் கவிழும் பயம் குறையும். வீட்டு கேற்றையும் அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

நிறுத்தினால் உருளாமலிருக்க பிரேக் லீவரைப் பூட்டி வைக்கும் கொளுக்கி ஒன்று தேவை. கியர் இல்லாத வண்டி சரிவில் தானாக நகரும். உவர்மலைச் சரிவில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். ஊன்றுகோலுக்கு ஒரு துண்டு பிவிசி குழாயைப் பின்னால் நிமிர்த்திக் கட்டினால் சரி.

இனி ஓட்டம். பைக்கில் வளைவுக்குச் சாய்ந்தோம், இது சாயாது. கைப்பிடியைத் திரும்ப வேண்டிய பக்கம் நேராகவே திருப்ப வேண்டும், கனமாக இருக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பை உள்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உள்பக்கச் சில்லு தூக்கும். வீதி ஓரம் சரிந்திருக்கும் இடங்களில் வண்டி இடப்பக்கமாகவே இழுக்கும். பள்ளத்தை நடுவில் விட்டு ஓடவும் முடியாது, மூன்று தடத்தில் ஒன்று எப்படியும் விழும். வெறும் மைதானத்தில், காலையில், நடை வேகத்தில் எட்டுப் போட்டுப் பழகுங்கள். அப்புறம் உப்புவெளி, அப்புறம் நிலாவெளி. பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும் நாளில் மூதூரைத் தள்ளிப்போடுங்கள். தூரம் போகும்போது இறங்கிச் சப்பாத்தைக் கழற்றி, பாதத்தில் சிவந்த இடம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

கடற்காற்று ஊரில் ஒட்டு வேலைக்கு ஆயுள் குறைவு. கடற்கரை போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, ஒட்டிய இடங்களைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பெயின்டின் மேல் முடி அளவு பழுப்புக் கோடு தெரிந்தால் அது வெடிப்பாக இருக்கலாம், அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். போல்ட்களுக்கு நைலோன் நட்டு போடுங்கள், முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள். பக்கச் சில்லின் டயர் நடுச்சில்லின் அளவு இல்லையென்றால், அந்த அளவு டியூப் ஒன்றை இருக்கைக்குக் கீழே வையுங்கள். வழியில் பஞ்சர் கடை இருக்கும், அந்த டியூப் இருக்காது.