நிக்கோல்ஸ்கி சோதனை: விரலால் தள்ளிப் பார்ப்பது எப்படி?

கொப்புள நோய்களைப் பிரித்தறிய, ரஷ்யத் தோல் மருத்துவர் பியோத்தர் நிக்கோல்ஸ்கி 1896-இல் விவரித்த சோதனை இது. வலிக்கும், அதை நோயாளியிடம் முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

கொப்புளத்துக்கு அருகே, பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலில் தொடங்குங்கள். மார்பெலும்பு, காறை எலும்பு போல அடியில் எலும்பு தாங்கும் இடம் நல்லது. உள்ளங்கை, உள்ளங்கால் வேண்டாம், அங்கே தோல் தடிப்பு. களிம்பு இருந்தால் துடைத்துவிடுங்கள், விரல் வழுக்கும். கையுறை போட்டு, பெருவிரலின் சதைப்பகுதியால் அழுத்தியபடியே பக்கவாட்டில், ஒரே திசையில் தள்ளுங்கள். பலர் தவறுவது இங்கேதான். நேர்கீழாக அழுத்தினால் தோலடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நகராது. நகம் பட்டால் கிடைப்பது வெறும் சிராய்ப்பு.

மேல்தோல் வழன்று, அடியில் சிவந்த ஈரப்பரப்பு தெரிந்தால் பாசிட்டிவ். பெம்பிகஸ் என்னும் கொப்புள நோயில் மேல்தோல் செல்களைப் பிணைக்கும் டெஸ்மோக்ளீன் புரதங்களை உடலின் எதிர்ப்பொருள்களே தாக்குவதால், சிறு தள்ளலுக்கே செல்கள் பிரிந்துவிடுகின்றன. புல்லஸ் பெம்பிகாய்டு என்னும் இன்னொரு கொப்புள நோயில் பிளவு மேல்தோலுக்கு அடியில் விழுகிறது. மேல்தோல் முழுத் தடிமனோடு இருப்பதால் பெரும்பாலும் நெகட்டிவ்தான்.

உடையாத கொப்புளம் கிடைத்தால் இன்னொன்றும் செய்யலாம். அதன் விளிம்பைப் பேனாவால் வரைந்துகொண்டு, ஒரு பக்கமிருந்து மெதுவாக அழுத்துங்கள். கோட்டைத் தாண்டிப் பரவும் நீரின் முனை பெம்பிகஸில் கூர்கோணமாகவும், பெம்பிகாய்டில் வளைவாகவும் இருக்கும்.

பாசிட்டிவ் என்றாலே பெம்பிகஸ் என்று எழுதிவிடாதீர்கள். சிறு குழந்தைக்குக் காய்ச்சலோடு தோல் உரிந்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் நச்சையும், கார்பமசெபின், ஃபெனிடாயின், அலோபியூரினால் போன்ற மருந்து தொடங்கிய சில வாரங்களில் வாய், கண் புண்ணோடு உரிந்தால் டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ் என்னும் கடும் மருந்து எதிர்வினையையும் நினையுங்கள். பின்னதில் செத்த மேல்தோல் அப்படியே கழன்று வருகிறது. ஏற்கெனவே உரிந்துகொண்டிருக்கும் உடம்பில் மேலும் தேய்க்கத் தேவையே இல்லை. சந்தேக மருந்தை உடனே நிறுத்துவதுதான் முதல் வேலை.

ஸ்டீராய்டு தொடங்கியவர்களிடம் சோதனை நெகட்டிவ் ஆகிவிடலாம், அதை நம்பி நோயை விலக்கக் கூடாது. எப்படியிருந்தாலும் பயாப்சி வேண்டும், இரண்டு துண்டாக. புதிய சிறு கொப்புளத்தின் விளிம்பு ஃபார்மலினுக்கு. பக்கத்திலுள்ள உடையாத தோல் எதிர்ப்பொருள்களை ஒளிரவைத்துக் காணும் இம்யூனோஃப்ளோரசென்ஸுக்கு; இதை மிஷெல் என்னும் பாதுகாப்புத் திரவத்தில் அனுப்புங்கள், ஃபார்மலினில் போட்டால் துண்டு வீண்.

உரிந்த இடத்தைச் சலைனால் கழுவி, வாசலின் காஸ் வைத்துத் துணிக்கட்டு போடுங்கள். பிளாஸ்திரி ஒட்டாதீர்கள், எடுக்கும்போது சுற்றுத்தோலும் சேர்ந்து வந்துவிடும்.