கயிறு யார் கையில்? பழைய வெஸ்டர்ன் படங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஹை நூன்' (1952) படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், "ஊரே கைவிட்டதும் சட்டத்தைத் தன் கையில் எடுத்த வீரனின் கதை" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். கேரி கூப்பரின் நெஞ்சில் ஒரு தகர நட்சத்திரம் குத்தியிருக்கிறதே, அது அவர் கண்ணில் படவே இல்லையா? படத்தில் கூப்பர் அந்த ஊர் மார்ஷல், அதாவது காவல் அதிகாரி. கல்யாணம் முடிந்து, வேலையை விட்டு, வண்டியேறிக் கிளம்பிவிடுகிறார். பழைய எதிரி மதிய ரயிலில் வருகிறான் என்று தெரிந்ததும் திரும்பி வந்து, கழற்றி வைத்த நட்சத்திரத்தை மறுபடி குத்திக்கொள்கிறார். சலூன் என்ற மதுக்கடைக்கும் தேவாலயத்துக்கும் போய் அவர் கெஞ்சுவதுகூட முறைப்படி துணைக்கு ஆள் சேர்ப்பதற்காகத்தான். சட்டத்தைக் கைகழுவியது ஊர். எல்லாம் முடிந்த பிறகுதான் நட்சத்திரத்தைப் பிடுங்கிப் புழுதியில் எறிகிறார்.

நானும் ஒரு காலத்தில் இந்தத் தப்பைச் செய்தவன்தான். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவனுக்கு, துப்பாக்கி வைத்திருக்கும் நல்லவர்கள் எல்லாரும் ஒரே ரகம். டெக்ஸே ஒரு ரேஞ்சர், அதாவது அரசாங்கத்து ஆள் என்பது மண்டையில் ஏறவே பல வருடம் ஆனது.

எனவே முதலில் ஆட்களைப் பிரித்துக்கொள்வோம். ஷெரிஃப், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். டவுன் மார்ஷல் ஊர் நிர்வாகத்தின் ஆள். யு.எஸ். மார்ஷல் மத்திய அரசின் ஆள். குற்றவாளியைத் துரத்த ஷெரிஃப் ஊராரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பும் படைக்கு 'பாஸி' என்று பெயர். அதற்குச் சட்டத்தின் அனுமதி உண்டு. பவுன்ட்டி வேட்டைக்காரர், தலைக்கு வைத்த விலைக்காக ஆளைப் பிடிப்பவர். இவர்கள் யாரும் விஜிலன்டி கிடையாது. கோர்ட்டும் வேண்டாம் ஜூரியும் வேண்டாம், நாங்களே விசாரித்து நாங்களே தூக்கில் போடுகிறோம் என்று கூடுகிறவர்கள்தான் விஜிலன்டிகள்.

பல படங்களின் முடிச்சே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்' (1943) படத்தில் ஷெரிஃப் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து, அவருடைய உதவியாளர் ஒருவர், ஒரு கொலைச் செய்தி கேட்டுக் கூடிய கூட்டத்துக்குப் பிரமாணம் செய்துவைத்துப் பாஸி ஆக்கிவிடுகிறார். அது செல்லாது என்று எதிர்ப்பு வருகிறது. யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? அதுவரை வெறும் கும்பலாக இருந்தவர்கள் அந்த ஒரு நிமிடத்தில் 'சட்டம்' ஆகிவிட்டதாக நினைத்துக் குதிரையேறுகிறார்கள். அதைக் கவனிக்காமல் விட்டால், மீதிப் படம் நல்லவர்கள் சிலர் அவசரப்பட்டதைப் பற்றிய படமாகத்தான் தெரியும்.

தனி ஆள் என்ற மயக்கம்

எனக்குத் தெரிந்து இதுதான் பெரிய தவறு. விஜிலன்டி என்றதும் நம் மனதில் வருவது வெளியூரிலிருந்து தனியாகக் குதிரையில் வரும் ஒருவன். ஊரைப் பிடித்து ஆட்டும் பண்ணையாரையும், அவர் பையில் இருக்கும் ஷெரிஃபையும் தீர்த்துவிட்டு அவன் போய்விடுவான். இது சினிமா செய்த பிம்பம். நிஜத்தில் விஜிலன்டி என்றால் பெரும்பாலும் ஒரு குழு. அதை முன்னின்று நடத்தியவர்களும் ஊர்ப் பெரிய மனிதர்களே.

1856இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய விழிப்புக் குழுவைப் பாருங்கள். தலைவர் வில்லியம் கோல்மன் ஒரு வணிகர். உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில். மணல் மூட்டை அடுக்கிக் கோட்டைபோல் ஒரு தலைமையகம், காவலுக்குப் பீரங்கி வேறு. நகரில் கோர்ட் இல்லையா என்றால், இருந்தது. ஷெரிஃபும் இருந்தார், அவருடைய சிறையிலிருந்துதான் இரண்டு பேரைக் கொண்டு போனார்கள். மொத்தம் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள், இன்னும் பலரை ஊரைவிட்டே விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்களில் எதிரணிக்கு ஓட்டுச் சேர்த்துக் கொடுத்த ஐரிஷ் கத்தோலிக்கர்கள் நிறைய. கையோடு ஒரு கட்சியும் தொடங்கி, சுமார் பத்து வருடம் நகர நிர்வாகத்தை வைத்திருந்தார்கள். ஊழலை ஒழித்தோம் என்றார்கள். ஊழல் இருந்தது உண்மைதான். ஆனால் கஜானாச் சாவி யார் கைக்குப் போனது என்பதையும் சேர்த்தல்லவா கணக்குப் பார்க்க வேண்டும்?

வயோமிங்கின் ஜான்சன் கவுண்டியில் 1892இல் நடந்தது இன்னும் அப்பட்டம். பெரிய மாட்டுப் பண்ணை முதலாளிகள், திருடர்களை ஒழிக்கிறோம் என்ற பெயரில், டெக்சஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களை ரயிலில் கூட்டி வந்தார்கள். ஏப்ரல் 9 அன்று நேட் சாம்பியன், நிக் ரே என்ற இருவரைக் கொன்றார்கள். சாம்பியன், சுற்றி வளைக்கப்பட்ட வீட்டுக்குள் இருந்தபடியே நடப்பதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். விஷயம் பரவியதும் உள்ளூர்க்காரர்கள் திரண்டு வந்து இந்தப் படையை வளைத்துக்கொள்ள, முதலாளிகளைக் காப்பாற்ற வந்தது அமெரிக்கக் குதிரைப்படை! வழக்கை நடத்தக் கவுண்டியிடம் காசில்லை. தண்டனை இல்லாமலே எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

'ஷேன்' (1953) படத்தில் குடியானவர்களுக்கும் மாட்டுப் பண்ணைக்காரருக்கும் நடக்கும் தகராறு இந்த வயோமிங் மண்ணின் தகராறுதான். ஆனால் கவனியுங்கள். நிஜத்தில் சட்டத்தைத் தாண்டிப்போய்ச் சுட்டவர்கள் பணக்காரர்கள். படத்தில் அந்த வேலையை ஏழைகளுக்காகச் செய்கிறான் ஒரு வழிப்போக்கன். ஆள் இடம் மாறிவிட்டான், நியாயமும் அவனோடு இடம் மாறிவிட்டது. ஷேன் எனக்குப் பிடித்த படம். பிடித்ததாலேயே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

குழுவை அப்படியே காட்டத் துணிந்த படங்களும் உண்டு. 'ஜானி கிட்டார்' (1954) படத்தில் சாவுச் சடங்குக்குப் போட்ட கறுப்பு உடையோடே ஊர்ப் பெரியவர்கள் தூக்குக் கயிற்றோடு அலைகிறார்கள். 'வார்லாக்' (1959) ஊரின் குடிமக்கள் குழு, சம்பளம் பேசி ஒரு துப்பாக்கிக்காரரை அமர்த்திக்கொள்கிறது. அப்புறம் அவரை எப்படி ஊரைவிட்டு அனுப்புவது என்று தெரியாமல் முழிக்கிறது.

ஊழல் ஊர் என்றால் என்ன என்பதிலும் இதே மயக்கம்தான். வில்லன் ஒருவன், மற்றவர்கள் பயந்த அப்பாவிகள் என்று எடுத்துக்கொள்கிறோம். 'ஹை நூன்' தேவாலயக் காட்சியை மறுபடி பாருங்கள். மார்ஷலைப் பாராட்டித் தள்ளிவிட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லும் காரணம் என்ன? வடக்கே இருக்கும் முதலாளிகள் இங்கே பணம் போட யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், தெருவில் துப்பாக்கிச் சண்டை நடந்தால் வர மாட்டார்கள், அதனால் நீ போய்விடு. ஓட்டல்காரருக்கோ ரவுடி இருந்த காலத்தில்தான் வியாபாரம் நன்றாக நடந்தது என்ற ஏக்கம். 'ஹை ப்ளெய்ன்ஸ் டிரிஃப்டர்' (1973) இதை இன்னும் கறுப்பாக்குகிறது. லாகோ என்ற ஊரின் சுரங்கம் அரசு நிலத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த மார்ஷலைச் சவுக்கால் அடித்தே கொல்கிறார்கள், ஊர் நின்று வேடிக்கை பார்க்கிறது. இங்கே தனியாக ஒரு வில்லனைத் தேடினால் படமே கையில் அகப்படாது.

'சட்டமே இல்லாத காலம்'

மேற்கே சட்டமே கிடையாது, அதனால் துப்பாக்கிதான் தீர்ப்பு என்பது இன்னொரு வசதியான நம்பிக்கை. அரிசோனாவின் டூம்ஸ்டோனில் 1881 அக்டோபர் 26 அன்று நடந்த பேர்போன ஓ.கே. கொரால் (கொரால் என்றால் குதிரைப் பட்டி) சண்டையே ஒரு நகராட்சி விதியால் மூண்டதுதான். ஊருக்குள் ஆயுதத்தோடு நடமாடக் கூடாது என்று விதி. அதை அமல்படுத்தப் போனவர் ஊர் மார்ஷல் வெர்ஜில் எர்ப். தம்பிகள் வயட், மார்கன் இருவரும், நண்பர் டாக் ஹாலிடேயும் உடன் போனார்கள். சண்டை கொராலுக்குள் நடக்கவுமில்லை, பக்கத்துச் சந்து மாதிரியான காலி மனையில் சுமார் 30 நொடியில் முடிந்துபோனது. செத்தவர்கள் மூன்று பேர். அப்புறம் நடந்ததைத்தான் படங்கள் விட்டுவிடுகின்றன. சுட்டவர்கள்மீது கொலைப் புகார், ஏறக்குறைய ஒரு மாதம் விசாரணை, சாட்சிகள், வக்கீல்கள், கடைசியில் வழக்குக்குப் போதிய ஆதாரமில்லை என்ற முடிவு. சட்டம் இல்லாத ஊரில் இத்தனை காகிதம் எதற்கு?

சட்டத்தின் எல்லையை வயட் எர்ப் உண்மையில் உரசியது அதற்குப் பிறகு. 1882 மார்ச்சில் தம்பி மார்கன் கொல்லப்பட்டதும், சந்தேகப்பட்டவர்களைத் தேடித் தேடிச் சுட்டார். அப்போதும் பையில் மத்திய அரசின் துணை மார்ஷல் பதவி. அதே நேரத்தில் அவர் பெயரிலேயே கொலைக்குப் பிடியாணை. இந்தக் குழப்பத்தைக் காட்ட ஒரு நல்ல இயக்குநர் வேண்டும். ஜான் ஃபோர்டின் 'மை டார்லிங் கிளமென்டைன்' (1946) அழகான படம், ஆனால் வரலாற்றுக்கு அதை நம்ப வேண்டாம். 1887இல் காசநோயால் செத்த ஹாலிடே அதில் கொராலிலேயே செத்துவிடுகிறார். சண்டைக்கு முன்பே இறந்துபோன, எதிரணிக் குடும்பத்துக் கிழவர் கிளான்டனோ அங்கே துப்பாக்கியோடு நிற்கிறார்.

தணிக்கையின் கை

ஏன் இத்தனை பழிவாங்கும் கதைகள் வெஸ்டர்னில் மட்டும் குவிந்தன? அமெரிக்க ரசனை என்று சொல்லி முடித்துவிடுவது அவசரம். ஹாலிவுட்டில் 1934 முதல் கறாராக அமலான தயாரிப்பு நெறிமுறையில் ஒரு விதி உண்டு. இக்காலக் கதைகளில் பழிவாங்கலை நியாயப்படுத்தக் கூடாது. ஆனால் நாகரிகம் வளராத காலத்திலும் இடத்திலும், குறிப்பாகச் சட்டம் எட்டாத இடத்தில் நடப்பதாகக் காட்டலாம். நியூயார்க்கில் நடந்தால் கூடாது, 1880களின் அரிசோனாவில் நடந்தால் பரவாயில்லை! எழுத்தாளர்கள் சும்மா விடுவார்களா? 'சட்டமே இல்லாத ஊர்' திரையில் அத்தனை முறை வந்ததில் இந்த ஓட்டைக்கும் ஒரு பங்கு உண்டு.

இதெல்லாம் தெரிந்த பிறகும், இவை எல்லாமே சட்டமீறலைக் கொண்டாடும் படங்கள் என்று ஒரே அடியாகச் சொல்பவர்கள் உண்டு. 'ஆக்ஸ்-போ'வில் மூன்று பேரைத் தூக்கில் போடலாமா என்று வாக்கெடுப்பு நடக்கிறது. எதிர்த்து நிற்பவர்கள் ஏழே பேர். விடிந்ததும் தூக்கு. திரும்பும் வழியில் ஷெரிஃப் எதிரே வருகிறார்: கொலையானதாகச் சொல்லப்பட்டவர் உயிரோடு இருக்கிறார். அந்தப் படத்தில் நடித்த ஹென்றி ஃபோண்டா, 14 வயதில், 1919இல், ஒமாஹாவில் தன் அப்பாவின் அச்சகத்திலிருந்து வில் பிரவுன் என்ற கறுப்பினத்தவரை ஒரு கும்பல் கொன்றதைப் பார்த்தவர். தூக்கிலிடப்பட்டவர் ஒருவரின் கடைசிக் கடிதத்தை அவர் சலூனில் வாசிக்கும் குரலில் நடிப்பு மட்டும்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜான் ஃபோர்டின் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' (1962) படத்தில் பத்திரிகையாசிரியர் சொல்லும் வசனம் எல்லாருக்கும் மனப்பாடம்: கட்டுக்கதை உண்மையாகிவிட்டால் கட்டுக்கதையையே அச்சிடு. அதுதான் படத்தின் கருத்து என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையை நமக்குக் காட்டிவிட்ட பிறகல்லவா அந்த ஆள் அதைச் சொல்கிறார்! ரவுடி வேலன்ஸைக் கொன்றது நேருக்கு நேர் நின்ற வக்கீல் இல்லை, சந்தின் இருட்டிலிருந்து சுட்ட இன்னொருவர். அது பச்சைக் கொலை என்று சுட்டவரே சொல்கிறார். அந்தக் கொலையின் புகழில் வக்கீல் செனட்டர் ஆகிறார், சுட்டவர் அடையாளமில்லாமல் சாகிறார். ஊருக்கு ரயிலும் சட்டமும் வந்தது எதன் மேல் ஏறி என்று ஃபோர்டு ஒளிக்கவே இல்லை.

படங்கள் பெரும்பாலும் பேசாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நிஜத்தில் கயிற்றில் தொங்கியவர்களில் மெக்சிகோக்காரர்கள் ஏராளம். 1871 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கும்பல் ஒரே இரவில் பதினேழுக்குக் குறையாத சீனர்களைக் கொன்றது. வெள்ளையர்களுக்குள் நடக்கும் நல்லவன் கெட்டவன் சண்டையை மட்டும் பார்த்துவிட்டு இதுதான் விஜிலன்டி வரலாறு என்று நினைத்தால், பாதிக்கு மேல் விடுபட்டுப் போகும்.

அப்புறம் மொன்டானா. ஊழல் ஷெரிஃப் என்ற பாத்திரத்துக்கு மூலவிக்கிரகம் மாதிரி ஒருவர் அங்கே உண்டு. பெயர் ஹென்றி பிளம்மர். பானக் என்ற தங்கச் சுரங்க ஊரின் ஷெரிஃபாக 1863இல் தேர்வானார். பகலில் ஷெரிஃப், மறைவில் வழிப்பறிக் கூட்டத்தின் தலைவர் என்று சொல்லி 1864 ஜனவரி 10 அன்று விஜிலன்டிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். சில வாரங்களுக்குள் இருபது பேருக்கு மேல் இப்படிச் செத்தார்கள். இந்தக் கதையை முதலில் புத்தகமாக எழுதியவர் தாமஸ் டிம்ஸ்டேல், விஜிலன்டிகளின் ஆதரவாளர், 1866இல் வந்தது. தூக்குப் போட்ட தரப்பின் புத்தகத்தை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அப்படியே நம்பினார்கள். பிளம்மர் குற்றவாளிதானா என்று ஆய்வாளர்கள் சந்தேகத்தைக் கிளப்பியது வெகு பின்னால். மொன்டானா விஜிலன்டிகளின் அடையாளமாகப் பேசப்படும் 3-7-77 என்ற எண், அந்த மாநில நெடுஞ்சாலைப் போலீஸின் தோள் சின்னத்தில் இன்றும் இருக்கிறது. எண்ணுக்கு என்ன பொருள் என்பதில் ஒத்த கருத்தில்லை.

1993இல் மொன்டானாவின் வர்ஜீனியா சிட்டியில், செத்து 129 வருடம் ஆன பிளம்மருக்கு ஒரு மாதிரி நீதிமன்றம் கூட்டி, சாட்சிகளை வைத்து, ஜூரியை உட்காரவைத்து விசாரித்தார்கள். ஜூரி ஆறுக்கு ஆறு என்று பிரிந்தது. நிஜக் கோர்ட்டாக இருந்திருந்தால், இப்படிப் பிரிந்த ஜூரியை வைத்து அவரைத் தூக்கில் போட்டிருக்க முடியாது.