சி ப்ரோக்ராமை கொஞ்ச நேரம் நித்திரை கொள்ள வைக்கிறது எப்பிடி

லினக்ஸில ப்ரோக்ராமை கொஞ்ச நேரம் நிப்பாட்டோணும் எண்டா சும்மா ஒரு ஃபோர் லூப்பை கோடிக்கணக்கில சுத்த விடுற ஆக்கள் இன்னும் இருக்கினம், தயவுசெய்து அத செய்யாதீங்கோ, ஒரு சிபியு கோர் முழுசா அதுக்கே போயிரும், வேற மெஷின்ல அதே லூப் வேற நேரம் எடுக்கும். கேர்னலிட்ட (லினக்ஸின்ட மையப் பகுதி) சொல்லிட்டு படுங்கோ, அது எழுப்பிவிடும்.

செக்கன் கணக்கு போதும் எண்டா ஸ்லீப் ஃபங்ஷன் காணும். மைக்ரோசெக்கன் கணக்கில படுக்க வைக்கிற யூஸ்லீப்பை 2008 பொசிக்ஸ்ல (யுனிக்ஸ் மாதிரி சிஸ்டங்களுக்கான பொது ஸ்டாண்டர்ட்) தூக்கிட்டாங்க, புது கோட்ல வேண்டாம். நானோஸ்லீப் எடுங்கோ. அதுக்கு நேரம் குடுக்கிற டைம்ஸ்பெக் ஸ்ட்ரக்ட்ல செக்கன் ஒரு ஃபீல்ட், நானோசெக்கன் மற்றது. ஒண்டரை செக்கனுக்கு நானோவில 1500000000 எண்டு போட்டா நித்திரையே கொள்ளாது, ஈஇன்வால் (குடுத்த மதிப்பு பிழை) எரர் தந்திட்டு உடன திரும்பிரும், ஏனெண்டா 999999999க்கு மேல ஏலாது, 1ஐயும் 500000000ஐயும் பிரிச்சு போடுங்கோ.

இடையில சிக்னல் (ப்ரோக்ராமுக்கு கேர்னல் அனுப்புற அறிவிப்பு) ஒண்டு வந்து அதுக்கு எழுதின ஹேண்ட்லர் ஃபங்ஷன் ஓடினா பாதி நித்திரையில எழும்பிரும். மைனஸ் 1 வரும், எரர் நம்பர் வைக்கிற எர்நோவில ஈஇன்டர் (இடையில குழப்பப்பட்டது) இருக்கும், மிச்ச நேரம் ரெண்டாவது ஆர்கியுமென்ட்ல கிடைக்கும், அத வச்சு வைல் லூப்ல திருப்பி கூப்பிடோணும்.

இனி முக்கியமான விசயம். கொழும்பு வெள்ளவத்தையில ஒரு கடை ஃப்ரீசருக்கு செக்கனுக்கு ஒருக்கா வெப்பநிலை எழுதுற ப்ரோக்ராம் செய்து குடுத்தனான், ஒரு மணித்தியாலத்துக்கு 3600 வரி வரோணும், வந்தது 3529. சென்சரை வாசிக்கவே 20 மில்லிசெக்கன், அதுக்கு பிறகு ஒரு செக்கன் நித்திரை, அப்ப ஒரு சுத்து 1.02 செக்கன். புறக்கோட்டையில 100ம் நம்பர் பஸ்ல ஏறி கண்டக்டரிட்ட "அரை மணித்தியாலத்தில எழுப்புங்கோ" எண்டா காலி வீதி ட்ரஃபிக்ல எங்க நிப்பீங்களோ, "வெள்ளவத்தையில எழுப்புங்கோ" எண்டுதான் சொல்லோணும். அதுக்குத்தான் க்ளாக் நானோஸ்லீப். க்ளாக் மொனோடோனிக்கும் (முன்னுக்கு மட்டும் ஓடுற மணிக்கூடு) டைமர் ஆப்ஸ்டைமும் (இவ்வளவு நேரம் எண்டில்லாம இந்த நேரத்துக்கு எண்டு சொல்ற ஃப்ளாக்) குடுங்கோ, தொடங்கேக்க ஒருக்கா மட்டும் க்ளாக் கெட்டைமால நேரம் எடுத்து, ஒவ்வொரு சுத்துக்கும் அதில 1 செக்கன் கூட்டி அந்த நேரத்துக்கு எழுப்பச் சொல்லுங்கோ. மொனோடோனிக் எண்டா யாரும் மெஷின் மணிக்கூட்டை மாத்தினாலும் குழம்பாது. சிக்னல் வந்தாலும் மிச்சக் கணக்கு தேவையில்ல, அதே நேரத்தை திருப்பி குடுத்தா சரி. ஒண்டு மட்டும், க்ளாக் நானோஸ்லீப் மைனஸ் 1 தராது, எரர் நம்பரையே நேர தரும், எர்நோவ பாத்துக்கொண்டு நிக்காதீங்கோ. மாத்தின பிறகு 3600 வரியும் வந்தது.