முதல் குளோனிங்குக்கு 213 எழுத்து ஜீன் போதும்

டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும் என்சைமான ஆர்என்ஏ பாலிமரேஸின் துணை அலகுகளை (அதில் சேர்ந்திருக்கும் புரதங்களை) ஒப்பிட, அவற்றின் ஜீனைக் குளோன் செய்ய, அதாவது நகலெடுத்து பாக்டீரியாவுக்குள் ஏற்றக் கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் பெரிய ஜீனில் கைவைத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு துணை அலகான ஈஸ்ட்டின் ஆர்பிபி1 புரதத்தில் 1733 அமினோ அமிலங்கள், ஜீன் ஐயாயிரம் எழுத்துக்கு மேல். முதல் பிசிஆருக்கு (டிஎன்ஏ துண்டைப் பல நகலாகப் பெருக்கும் முறை) அது வேண்டாம். ஆர்பிபி10 என்ற சின்னத் துணை அலகை எடுங்கள். ஈஸ்ட்டில் 70 அமினோ அமிலம், நிறுத்தக் குறியோடு 213 எழுத்து, அவ்வளவுதான். பாலிமரேஸ் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றிலும் இதே புரதம்தான் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் கணினி. யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் ஈஸ்ட்டின் ஆர்பிபி10, அதற்கு இணையான மனிதரின் பிஓஎல்ஆர்2எல் (67 அமினோ அமிலம்) இரண்டின் புரத வரிசையையும் எடுத்து வரிசைகளை ஒப்பிடும் கிளஸ்டல் ஒமேகா மென்பொருளில் போடுங்கள். டிஎன்ஏவைப் போடாதீர்கள், செரின் என்ற ஒரே அமினோ அமிலத்தை டிஎன்ஏவில் ஆறு விதமாக எழுதலாம் என்பதால் புரதம் மாறாத இடத்திலும் டிஎன்ஏ மாறித் தெரியும். சரி, வந்ததைப் பாருங்கள்: 7, 10ஆம் இடங்களில் இரண்டிலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். அப்புறம் ஈஸ்ட்டில் 45, 46இல் ஒட்டிக்கொண்டு இரண்டு சிஸ்டீன், மனிதரில் 44, 45இல். மனிதரில் நடுவே ஒரு அமினோ அமிலம் குறைந்ததால் வந்த நகர்வு அது. துத்தநாக அணுவைப் பிடித்திருப்பது இந்த நான்கும்தான், அதனால்தான் அவை மாறவில்லை. மனித ஜீனைக் கொடுத்தால் ஈஸ்ட் அதை வைத்தே பிழைத்துக்கொள்ளும் என்று 1995லேயே காட்டிவிட்டார்கள்.

அடுத்து பிரைமர், அதாவது பிசிஆர் எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் குட்டி டிஎன்ஏ துண்டு. ஃபார்வர்டு பிரைமர் ஜீனின் தொடக்கமான ஏடிஜியில் தொடங்கி 20 எழுத்து. ரிவர்ஸில்தான் எல்லோரும் சறுக்குவது. கடைசி 20 எழுத்தை நிரப்பு இழையாக மாற்றித் திருப்பி எழுத வேண்டும். நான் அப்படியே நகலெடுத்து ஆர்டர் போட்டுவிட்டு, ஜெல்லில் (டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டுவது) ஒன்றுமே வராமல் ஒரு வாரம் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன். முனைகளில் டிஎன்ஏவை வெட்டும் பாம்ஹெச்1, எக்ஸ்ஹோ1 என்சைம்களின் வெட்டிடங்களையும் அவற்றுக்கு வெளியே ஐந்தாறு உதிரி எழுத்துகளையும் சேருங்கள், ஓரத்தில் என்சைம் சரியாக வெட்டாது. ஜீனுக்குள்ளேயே அந்த வெட்டிடம் இருக்கிறதா என்று முன்பே தேடிவிடுங்கள். பிரைமரின் உருகுநிலையை (ஒட்டிய இழையை விட்டுப் பிரியும் வெப்பநிலையை) கணக்கிடும்போது ஜீனோடு ஒட்டும் பகுதியை மட்டும் எடுங்கள்.

ஈஸ்ட்டுக்கு ஜீனோமிக் டிஎன்ஏ (செல்லிலிருந்து நேராக எடுத்தது) போதும். மனித ஜீனில் இன்ட்ரான் (புரதமாகாத இடைத்துண்டு) குறுக்கிடும், அதற்கு சிடிஎன்ஏ (அது நீங்கிய ஆர்என்ஏவிலிருந்து எழுதிய டிஎன்ஏ) வேண்டும். 2% அகரோஸ் ஜெல்லில் 213க்குச் சற்று மேலே பட்டை தெரிந்தால் ஜெல்லிலிருந்து எடுத்து, பாம்ஹெச்1, எக்ஸ்ஹோ1ஆல் வெட்டி, அதே என்சைம்களால் வெட்டிய வெக்டரோடு (ஜீனைச் சுமந்து செல்லும் டிஎன்ஏ) லைகேஸ் என்ற ஒட்டும் என்சைம் போட்டு, ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றுங்கள். மறுநாள் தட்டில் காலனி நிறைய இருக்கிறதே என்று துள்ள வேண்டாம், வெட்டுப்படாத வெறும் வெக்டரும் காலனி தரும். நான்கைந்தை எடுத்து சீக்வென்ஸ் செய்து (டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படித்து), புரதமாக மாற்றி, அந்த நான்கு சிஸ்டீனும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.