திங்கக்கிழமை ஸ்கூல் இல்ல, ரெண்டு பேருக்கும் ஆபீஸ் இருக்கு, என்ன பண்றது?

அமெரிக்கால கொலராடோல டென்வர் பக்கம் பிரைட்டன் 27ஜே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல (அந்தப் பக்கத்து அரசு ஸ்கூல்கள நடத்தற அமைப்பு) 2018லேர்ந்து வாரத்துக்கு நாலு நாள்தான் ஸ்கூல், திங்கள் லீவு, அதுக்கு ஈடா மத்த நாள்ல கொஞ்சம் கூடுதல் நேரம் நடக்கும். இங்க வீடு பாத்து வர்ற நம்மாளுங்க நெறைய பேர் இத ஸ்கூல் தொறந்தப்புறம்தான் யோசிக்கறாங்க, தயவுசெஞ்சு முன்னாடியே யோசிச்சிடுங்க.

முதல்ல ஸ்கூல் காலண்டரயும் உங்க ரெண்டு பேர் ஆபீஸ் லீவு லிஸ்டையும் பக்கத்துல வெச்சு பாருங்க. லேபர் டே, மார்ட்டின் லூதர் கிங் டே, பிரெசிடென்ட்ஸ் டே எல்லாமே திங்கள்லதான் வரும், உங்க ஆபீஸ் அதுக்கு லீவு விட்டா அத்தன திங்களும் கழிஞ்சிடும். மிச்சத்துக்குதான் ஆள் வேணும்.

டிஸ்ட்ரிக்ட்டே திங்கள்ல புள்ளைங்கள பாத்துக்கற கேர் நடத்துது, ஆரம்பிச்சப்ப ஒரு நாளைக்கு 30 டாலர், இப்ப எவ்ளோன்னு கேட்டுட்டு சீக்கிரம் பதிஞ்சிடுங்க. இந்த செலவுக்கு ஆபீஸ்ல டிபென்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ (புள்ளைய பாத்துக்கற செலவுக்குன்னு சம்பளத்துலேர்ந்து பணம் ஒதுக்கற கணக்கு) இருந்தா எடுங்க, புள்ளைக்கு 13 வயசு ஆகுற வரைக்கும் செல்லும், சம்பளத்துல டேக்ஸ் புடிக்கறதுக்கு முன்னாடியே ஒதுக்கிடலாம், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5,000 டாலர் வரைக்கும்னு இருந்தது 2026லேர்ந்து 7,500 ஆயிருக்கு. ஆனா வீட்ல ரெண்டு பேரும் வேலை பாக்கணும், இல்ல ஒருத்தர் வேலை பாத்து இன்னொருத்தர் வேலை தேடணும் இல்லன்னா ஃபுல் டைம் படிக்கணும். கேர் நடத்தறவங்க டேக்ஸ் நம்பர மறக்காம வாங்கி வெச்சுக்கோங்க.

இத கொஞ்சம் கவனமா படிங்க. பக்கத்து வீட்ல எச்-4ல (எச்-1பி வேலை விசால இருக்கறவங்க கணவன், மனைவிக்குக் குடுக்கற விசா) இருக்கற அக்கா நம்ம புள்ளைய பாத்துக்கறேன்னு சொல்வாங்க, நாமளும் சும்மா விடக்கூடாதுன்னு காசு குடுப்போம், ஆனா அவங்ககிட்ட ஈஏடி (வேலை பாக்கறதுக்கான அனுமதி கார்டு) இல்லன்னா காசு வாங்குறது அனுமதியில்லாத வேலைன்னு ஆயிடும், பின்னாடி அவங்க கிரீன் கார்டுக்கே சிக்கல் வரலாம். நல்லது பண்ண வந்தவங்கள அந்த நெலமைல மாட்டி விடாதீங்க. அதுக்கு பதிலா ஒரு திங்கள் அவங்க புள்ளைங்க நம்ம வீட்ல, அடுத்த திங்கள் நம்ம புள்ளைங்க அங்கன்னு மாத்தி மாத்தி பாத்துக்கலாம், நாங்க மூணு குடும்பமா அப்படித்தான் ஓட்டறோம், ஒருத்தருக்கு மாசத்துல ஒண்ணு ரெண்டு திங்கள்தான் வரும், அன்னிக்கு மட்டும் வீட்லேர்ந்து வேலைன்னு மேனேஜர்கிட்ட சொன்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

ஊர்லேர்ந்து தாத்தா பாட்டி வந்தா பெரிய உதவிதான், ஆனா விசிட்டர் விசால பொதுவா ஆறு மாசம்தான், அதனால ஆகஸ்ட்லயே வரவெச்சா பிப்ரவரிக்கு மேல வேற வழி இப்பவே பாத்து வைங்க.

அப்புறம் சாப்பாடு. ஸ்கூல்ல ஃப்ரீயா கிடைக்கற காலை டிஃபனும் லஞ்சும் திங்கள் இல்ல, ஞாயித்துக்கிழமை ராத்திரியே மாவு, சாம்பார் ரெடியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டு படுங்க.